வியாழக்கிழமை வந்த கார்கள்

அத்தியாயம் 3

சீனித்தம்பி உட்காரவில்லை. ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே, தனக்கு ஆளின் பெயர் மட்டும் தெரிந்தால் போதும், மிச்சத்தை லோயர் பார்த்துக்கொள்வார் என்றார்.

அன்ரனெற் அவரைப் பேச விட்டாள். கொழும்பில் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் இருந்து, பொய்க் கணக்குக் காட்டி இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரித்துப் பழகியவள் அவள். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ரொறன்ரோ வந்து, பரீட்சை எழுதி, தனியார் துப்பறிவாளருக்கான லைசென்ஸ் எடுத்து, அஜின்கோர்ட்டில் ஒரு லோண்டரிக்கு மேல்மாடியில் கந்தோர் போட்டிருந்தாள். கீழே உடுப்புத் தோய்க்கிற மெசின்கள் சுழன்றால் மேலே மேசை நடுங்கும். வருகிறவர்கள் முதலில் தங்கள் கைதான் நடுங்குகிறது என்று நினைப்பார்கள்.

ஜன்னலோரம் அல்பேட் நின்றான். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரன். இரவில் டாக்ஸி, பகலில் அன்ரனெற்றுக்கு உதவி. கை வேலை செய்கிறதோ இல்லையோ, வாய் எப்போதும் வேலை செய்யும்.

சீனித்தம்பியின் கதை இதுதான். மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் பிறந்தவர். ரொறன்ரோ நகரத்து நடுவில் பெரிய ஹோட்டல் ஒன்றின் குசினியில் வருடக்கணக்காகச் சமையல் வேலையில் நின்றவர். எங்கள் சனங்களின் கலியாணமும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடும் செத்தவர்களுக்கான அந்தியேட்டியும் பள்ளிக்கூட ஜிம்மிலும் தேவாலய நிலவறையிலும் நடப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது. ஒரு கலியாணத்தில் மணவறைக்குப் பின்னால் பந்து போடுகிற வளையம் தொங்கியதாம். படத்தில் பார்த்தால் அது மாப்பிள்ளையின் தலைக்கு மேலே ஒளிவட்டம்போல நிற்கிறது.

"எங்கட சனம் எண்டால் புனிதராக்கிப்போட்டுத்தான் கட்டிவைப்பாங்கள்," என்றான் அல்பேட். சீனித்தம்பி சிரிக்கவில்லை. அன்ரனெற் அவனை ஒருமுறை பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சனங்களுக்கென்று ஒரு மண்டபம் போடுவதென்று சீனித்தம்பி முடிவெடுத்தார். ஷெப்பர்ட் வீதிக்கு உள்ளே, பட்டறைகளும் களஞ்சியங்களுமாக இருந்த ஒரு நீளக் கட்டடத்தில் ஒரு பகுதி காலியாகக் கிடந்தது. ஐந்து வருடக் குத்தகைக்குக் கையெழுத்து வைத்தார். ஹோட்டலில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் இந்த நாட்டில் நினைத்த இடத்தில் நினைத்ததைச் செய்ய முடியாது. எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் பட்டறை என்று நகரசபை வரைபடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறது. ஸோனிங் என்கிறார்கள். மண்டபம் என்றால் இத்தனை கதிரைக்கு இத்தனை கார் நிற்க இடம் வேண்டும். அந்தக் கட்டடத்தின் முற்றத்தில் அவ்வளவு இடமில்லை. சட்டத்தைச் சற்றுத் தளர்த்தித் தாருங்கள் என்று கேட்கலாம். கேட்டால் நகரசபையின் கமிட்டி ஒன்று வந்து பார்த்து, விசாரித்து, ஓம் அல்லது இல்லை என்று சொல்லும். பட்டறைகள் சனி ஞாயிறில் பூட்டு, எங்கள் விசேஷங்கள் சனி ஞாயிறில்தான், வேலைநாளிலேயே அரைவாசி முற்றம் வெறுமை என்று லோயர் வாதத்தை எழுதிக் கொடுத்தார். வெல்லக்கூடிய கேஸ் என்றும் சொன்னார்.

விசாரணைக்கு முந்திய கிழமை, ஒரு வியாழக்கிழமை பின்னேரம், கமிட்டி அங்கத்தவர்கள் இடம் பார்க்க வந்தார்கள். சீனித்தம்பி அப்போது ஹோட்டலில் கடைசிக் கிழமை வேலையில் நின்றார். என்றும் பாதி வெறிச்சென்று கிடக்கிற முற்றம் அன்றைக்குப் பிதுங்கி வழிந்திருக்கிறது. புல்லிலும் கார். வந்தவர்கள் தங்கள் காரைத் தெருவில் விட்டுவிட்டு நடந்து வரவேண்டியிருந்தது. விசாரணையில் தலைவர் அதைத்தான் சொன்னார். மண்டபம் இல்லாமலே இந்த நெருக்கடி என்றால், மண்டபம் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். சில நிமிடங்களில் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

"ஆரோ வேணுமெண்டு கார்களைக் கொண்டுவந்து நிரப்பியிருக்காங்க," என்றார் சீனித்தம்பி. "எனக்குத் தெரியும், கிறிஸ்துநாயகம்தான்."

கிறிஸ்துநாயகம் தேவாலய நிலவறையில் கலியாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர். மண்டபம் வந்தால் அவர் பிழைப்புப் படுக்கும் என்பது சீனித்தம்பியின் கணக்கு. விசாரணை முடிந்த நாளிலிருந்து அவரோடு பேச்சில்லை. அவரோடு பழகுகிறவர்களோடும் பேச்சில்லை. கொஞ்சம் கொஞ்சமாக யாரோடும் பேச்சில்லை.

மேன்முறையீட்டுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்றைக்குச் செவ்வாய். முற்றத்தை வேண்டுமென்றே நிரப்பினார்கள் என்று நிரூபித்தால்தான் அப்பீல் போடுவதாக லோயர் சொல்லியிருந்தார். மண்டபப் பூட்டுக்கு இரண்டு திறப்பு இருந்தது. ஒன்று சீனித்தம்பியிடம், மற்றது வீட்டில் மனைவி இராசமணியிடம். தன்னுடையதை அவர் மேசையில் வைத்தார். மேசை நடுங்கியபோது திறப்பும் சேர்ந்து கிலுகிலுத்தது.

அன்ரனெற்றும் அல்பேட்டும் அவனுடைய பழைய ஷெவ்ரலேக் காரில் இடத்தைப் பார்க்கப் போனார்கள். கள்ளனைப் பிடித்திருக்கிறோம், வீட்டைவிட்டு ஓடினவளைப் பிடித்திருக்கிறோம், கார் நிற்பாட்டினவனைப் பிடிக்கப்போவது இதுதான் முதல் தரம் என்று அவன் வழியெல்லாம் புலம்பினான். கார் நிற்பாட்டுவது குற்றம் என்றால் தன்னை எப்போதோ உள்ளே போட்டிருக்க வேண்டுமாம்.

முற்றம் சீனித்தம்பி சொன்னபடியே கிடந்தது. பாதிக்கு மேல் வெறுமை. காற்றில் ஒரு கடதாசிக் கோப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எதிலும் முட்டாமல் உருண்டுபோனது.

பக்கத்துப் பகுதியில் காருக்குப் புகைக்குழாய் மாற்றுகிற பட்டறை. அதன் சொந்தக்காரன் பிராங்க் என்ற இத்தாலியன். அவனுக்கு அந்த வியாழக்கிழமை நன்றாக நினைவிருந்தது. ஊர்வலம் வருவதுபோலக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தனவாம். முதலில் வந்தது ஒரு நீல வான், அதன் பக்கவாட்டில் ஆவி பறக்கிற பெரிய பானைப் படம் ஒன்று கீறியிருந்தது. அதை ஓட்டிவந்த மனிதர் முற்றத்தின் நடுவில் நின்று, பொலிஸ்காரன் மாதிரிக் கையைக் காட்டி, மற்றவர்களை வரிசை வரிசையாக விடச் சொன்னாராம். பிறகு எல்லோரும் காரைப் பூட்டிவிட்டுத் தெருவைக் கடந்து போய்விட்டார்களாம்.

அல்பேட் கையைத் தட்டினான். அந்தப் பானையை ரொறன்ரோவில் தெரியாத தமிழன் இல்லை. கிறிஸ்துநாயகத்தின் வான். "கேஸ் முடிஞ்சுது அக்கா. மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி."

அன்ரனெற்றுக்கும் முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். அன்றைக்கு வியாபாரம் கெட்டதே, கோபம் வரவில்லையா என்று பிராங்கைக் கேட்டாள். ஏன் கோபம் என்று அவன் திருப்பிக் கேட்டான். ஒரு பெண் வந்து கடதாசித் தட்டு நிறைய உறைப்பு றோல்ஸ் கொடுத்துவிட்டுப் போனாளாம். மண்டபத் திறப்பு விழா என்றுதான் அவன் நினைத்தான். எப்போது மறுபடி திறப்பார்கள் என்று விசாரித்தான்.

இன்னொன்றும் சொன்னான். மறுநாள் காலை மண்டபத்தின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் வாசலில் தேசிக்காய்ப் பாதிகள் கிடந்தன, மேலே ஏதோ சிவப்புத் தூள். எலிக்கு மருந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தானாம்.

வெளியே வந்ததும் அல்பேட் குரலைத் தாழ்த்தினான். "செய்வினை. சூனியத்துக்குப் பேர்போன மட்டக்களப்பாருக்கே செய்வினை செய்யிறதெண்டால் அந்த மனிசனுக்குத் துணிவுதான்."

"கிறிஸ்துநாயகம் தேசிக்காய் வெட்டிக் குங்குமம் தடவுவாரோ? ஞாயிறு பூசையில முன் வாங்கில இருக்கிற ஆள். அதோட, செய்வினை செய்ய வந்தவை பக்கத்துக் கடைக்காரனுக்கு றோல்ஸ் குடுக்கிறதில்லை, அல்பேட்."

"றோல்ஸிலதான் செய்வினையோ தெரியாது. அவன் இன்னும் அதையே நினைச்சுக்கொண்டிருக்கிறான்."

அவள் சீனித்தம்பியின் திறப்பால் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனாள். வெறும் சீமெந்துத் தரை. மூலையில் அடுக்கிவைத்த, இன்னும் பொலித்தீன் கழற்றாத கதிரைகள். வாசற்படியின் இரண்டு பக்கத்திலும், கதவுக்கு உட்புறமாக, தரையில் மங்கிய சிவப்புக் கறை இருந்தது. யாரோ துடைத்திருக்கிறார்கள், சரியாகப் போகவில்லை. குனிந்து அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு கதவைப் பூட்டினாள்.

தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு டோனற் கடை. அல்பேட் இரண்டு டோனற்றும் தேநீரும் வாங்கினான். கல்லாவில் நின்ற செம்பட்டைத் தலைமயிர்ப் பெண்ணிடம் அன்ரனெற் பேச்சுக் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு அந்த நாள் மறக்கவே இல்லை. வேலைநாள் பின்னேரம், திடீரென்று கடை நிறைய ஆட்கள். பெண்கள் எல்லோரும் குளிர் கோட்டுக்குக் கீழே பளபளவென்று பட்டுச் சேலை உடுத்திருந்தார்கள். சேலைக்கரை சேற்றில் நனைந்திருந்தது, அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கதிரை காலியாக இருந்தும் ஒருவரும் உட்காரவில்லை. எல்லோரும் ஜன்னலோடு ஒட்டி நின்று தெருவின் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அல்பேட் வாயில் டோனற்றோடு, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து குழப்படி செய்கிற சனத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றான்.

அந்தப் பெண் தொடர்ந்து சொன்னாள். கொஞ்ச நேரத்தில் நீளக் கோட்டுப் போட்ட மூன்று பேர் தெருவில் இறங்கி முற்றத்துக்குள் நடந்தார்கள். ஒருவர் கார்களின் நடுவில் நின்று, இரண்டு கையையும் விரித்து, பார் எவ்வளவு என்பதுபோல மற்றவர்களுக்குக் காட்டினார். அதைக் கண்டதும் கடைக்குள் நின்ற சனம் முழுக்கக் கைதட்டியது. ஒரு பெண் பக்கத்தில் நின்றவளைக் கட்டிப்பிடித்தாள். என்ன விஷயம் என்று இவள் கேட்டாளாம். எங்கள் மண்டபத்தைப் பார்க்கக் கவண்மேந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னாராம்.

அல்பேட் மீதி டோனற்றை மெல்லக் கடதாசியில் வைத்தான். கைதட்டினார்களா என்று ஆங்கிலத்தில் அந்தப் பெண்ணை மறுபடி கேட்டான். ஓம், நன்றாகத் தட்டினார்கள் என்றாள் அவள்.

காரில் ஏறிக் கிறிஸ்துநாயகத்தைத் தேடிப் போனார்கள். அன்ரனெற் பழைய கேஸ்களை நினைத்துப் பார்த்தாள். காப்புறுதிக் கொம்பனியில் எத்தனையோ களவுகளைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்டவன் இருந்தான். இங்கே அப்படி ஒருவனைத் தேடிப் போகப் போக, கெட்டவன் கரைந்துகொண்டே போனான்.

கிறிஸ்துநாயகம் தேவாலய நிலவறைக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். சீனித்தம்பி அனுப்பித்தான் வந்திருக்கிறார்கள் என்று கேட்டதும் கத்தியை வைத்துவிட்டார். ஒரு மாதமாகத் தன்னைக் கண்டால் அந்த மனிதர் முகத்தைத் திருப்புகிறார், போன கிழமை ஒரு செத்தவீட்டில் கையைக்கூடப் பிடிக்கவில்லை என்றார்.

"அந்த வியாழக்கிழமை உங்கட வான் அங்க நின்றது," என்றாள் அன்ரனெற்.

"நின்றது. நான்தான் முதல் போனனான். எல்லாரையும் வரிசையா விடச் சொன்னதும் நான்தான். இன்னும் நாலு கார் வரட்டும், வடிவா நிரம்பட்டும் எண்டு புல்லிலையும் விடச் சொன்னதும் நான்தான்." கண்ணைப் புறங்கையால் துடைத்தார். "மண்டபம் வந்தால் எனக்கும் நல்லது, பிள்ளை. இந்த நிலவறையில நான் எத்தினை நாளைக்குச் சமைக்கிறது? அவற்ற குசினியைத்தானே நானும் எடுத்திருப்பன்."

யார் கூப்பிட்டது என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டி, அதைச் சொல்லமாட்டேன் என்றார். வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறாராம். வந்த எல்லோருமே கொடுத்திருக்கிறார்களாம்.

"நீங்கள் சொல்லவேண்டாம்," என்றாள் அவள். "தேசிக்காய் வாசலுக்கு உள்பக்கம் வைச்சிருக்கு. உள்ளுக்கு வைக்கிறதெண்டால் கதவைத் திறக்கவேணும். மண்டபத்துக்கு ரெண்டு திறப்புத்தான். ஒண்டை வைச்சிருக்கிறவர் அந்த நேரம் ஹோட்டலில நின்றவர்."

கிறிஸ்துநாயகம் மறுபடி கத்தியை எடுத்தார். ஆனால் வெட்டவில்லை.

சீனித்தம்பியின் வீட்டில் இராசமணி கதவைத் திறந்தபோது அல்பேட்டைத்தான் முதலில் பார்த்தாள், பிறகு அன்ரனெற்றை. பதினான்காம் மாடியில் இரண்டு அறை வீடு. தையல் பக்டரியிலிருந்து வந்த உடுப்போடு இருந்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே வாங்கோ என்றாள். அன்ரனெற் சோபாவில் உட்காருவதற்குள் அவளே தொடங்கிவிட்டாள். இவ்வளவு நாளும் யாராவது வந்து கேட்பார்களா என்று காத்திருந்தவளைப்போலப் பேசினாள்.

விண்ணப்பம் கொடுக்கப் போன அன்று நகரசபைக் கந்தோரில் ஒருவர் சீனித்தம்பியிடம், உங்கள் ஆட்களுக்கு இப்படி ஒரு மண்டபம் தேவைதானா, அவ்வளவு பேர் வருவார்களா என்று கேட்டிருக்கிறார். சீனித்தம்பி வீட்டுக்கு வந்து அதையே சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டார். நித்திரையிலும் சொன்னார். பிறகு ஒருநாள் அவர் இல்லாத நேரம் தொலைபேசி வந்தது. வியாழக்கிழமை பின்னேரம் கமிட்டி ஆட்கள் பார்க்கிங் பார்க்க வருவார்கள் என்று ஒரு பெண் சொன்னாள். சொன்னதெல்லாம் இராசமணிக்கு விளங்கியது.

"ஆளில்லாத முற்றத்தைப் பாத்தா, இந்த மனிசனுக்கு ஆரும் இல்லை எண்டு நினைப்பாங்கதானே, புள்ள. நான் அப்படித்தான் நினைச்சன். அவருக்குச் சொல்லல. கேஸ் வெண்ட பிறகு சொல்லிச் சந்தோஷப்படுத்துவம் எண்டு இருந்தன்."

அவள் சிலருக்குப் போன் எடுத்தாள். அவர்கள் மற்றவர்களுக்கு எடுத்தார்கள். பக்டரியில் லீவு போட்டு வந்தவர்கள் இருந்தார்கள். இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் வந்தவர்கள் இருந்தார்கள். நகரத்துக்கு வெளியே அஜக்ஸிலிருந்து பெருந்தெருவில் பனிமழைக்குள் வந்தது ஒரு குடும்பம். கலியாண மண்டபம் என்று கமிட்டிக்கு விளங்கட்டும் என்பதற்காகப் பெண்கள் சேலை கட்டினார்கள். கண்ணூறு படக்கூடாது என்று அவள் கதவைத் திறந்து வாசலின் இரண்டு பக்கமும் தேசிக்காய் வைத்தாள்.

"விசாரணையில நான் இவருக்குப் பக்கத்தில இருந்தன். அந்தப் பெரியவர் முற்றம் நிறைஞ்சிருந்திச்சு எண்டு சொன்னார். அது எனக்கு விளங்கிச்சு. நான் இவர்ர கையைப் பிடிச்சிட்டன், சந்தோஷத்தில. அதுக்குப் பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார்." அவள் தன் கையைப் பார்த்தாள். "நான் ஏன் பிடிச்சனான் எண்டு இவர் இன்னும் கேக்கல."

அல்பேட் எழுந்து பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

உண்மையைச் சொன்னால் வெல்லலாமா என்று இராசமணி கேட்டாள். சொல்லத் தான் தயார், எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன் என்றாள். அன்ரனெற் குசினியில் இருந்த போனில் லோயரைக் கூப்பிட்டாள். எதிரி யாருமில்லை, நிரப்பியது அவர்களுடைய ஆட்களேதான் என்று சொன்னாள். பிறகு லோயர் மெதுவாக விளக்கினார். மறைத்தால், முற்றம் நிரம்பியிருந்தது என்பது அப்படியே நிற்கும். சொன்னால், ஒரு மனுசி போன் எடுத்துக் கேட்டதற்கே வேலைநாளில் இவ்வளவு கார் வந்தது என்று நாமே சாட்சி சொன்னதாகும். அப்படியென்றால் கலியாணம் என்று அழைத்தால் எவ்வளவு வரும் என்று அவர்கள் கேட்பார்கள். இனி அப்பீல் போடத் தன்னால் முடியாது என்றார். மன்னிக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அவள் போனைக் கொளுவிவிட்டுத் திரும்பியபோது இராசமணி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரிட்ட நான் சொல்லட்டோ, அக்கா?" என்று அன்ரனெற் கேட்டாள்.

"வேணாம். அது நான் சொல்லவேண்டியது."

சீனித்தம்பி பொழுதுபடுகிற நேரத்துக்கு வந்தார். இவர்களைக் கண்டதும் கோட்டோடு வாசலிலேயே நின்று, ஆள் பிடிபட்டதா என்று கேட்டார். இராசமணி எழுந்துபோய் அவர் கோட்டை வாங்கிக் கொளுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே, நான்தான் என்றாள். பிறகு திரும்பி நின்று முழுவதையும் சொன்னாள்.

சத்தம் போடுவார் என்று அன்ரனெற் எதிர்பார்த்தாள். அல்பேட் நடுவில் புகத் தயாராக ஒரு அடி முன்னால் வந்திருந்தான். சீனித்தம்பி சத்தம் போடவில்லை. அன்றைக்கு முதல்தரமாக உட்கார்ந்தார். மனைவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்து, "ஆரெல்லாம் வந்த?" என்று கேட்டார்.

அவள் பெயர்களைச் சொன்னாள். கிறிஸ்துநாயகம். அகஸ்ரினும் பெண்சாதியும். இரவு வேலை செய்கிற சீமோன். நாகமணி மாஸ்டர், அவருக்குக் கார் இல்லை, மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். சீனித்தம்பி ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டினார். அவர்களில் அனேகமானவர்களோடு ஒரு மாதமாகப் பேசாதவர் அவர். அவள் சொல்லிக்கொண்டே போனாள். அன்ரனெற்றும் அல்பேட்டும் சப்பாத்தைக் காலில் கொளுவிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறினார்கள்.

லிப்டில் இறங்கும்போது அல்பேட், தன்னைக் கூப்பிட்டிருந்தால் தானும் போயிருப்பேன் என்றான். அது பகிடியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சீனித்தம்பி அன்ரனெற்றின் கந்தோருக்கு வந்தார். சவரம் செய்து, கழுத்தில் ரை கட்டியிருந்தார். லோயர் வராவிட்டால் பரவாயில்லை, தானே நகரசபைக்குப் போய்ச் சொல்லப்போகிறேன், மொழிபெயர்க்க மட்டும் வரவேண்டும் என்றார். பிரயோசனமில்லை என்று அன்ரனெற் சொன்னாள். அது தனக்கும் தெரியும் என்றார். சொல்லாமல் விட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க, சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தான் யோசிக்க வேண்டிவருமாம்.

அல்பேட் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனான். வழியில் அவன் ஒன்றும் பேசாததைக் கவனித்து, உடம்புக்குச் சரியில்லையா என்று சீனித்தம்பி விசாரித்தார்.

கமிட்டிக் கந்தோரின் கவுன்ரரில் நடுவயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். பூட்டுகிற நேரம் நெருங்கியிருந்தும் அவசரப்படுத்தவில்லை. சீனித்தம்பி தொடக்கத்திலிருந்து சொன்னார். பந்து வளையத்திலிருந்து, றோல்ஸ் வரைக்கும். அன்ரனெற் ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்தாள். அந்தப் பெண் இடையில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

கேட்டு முடித்ததும், தனக்கு மிகவும் மனவருத்தமாக இருக்கிறது என்றாள். அதைச் சும்மா வாயளவில் சொல்லவில்லை என்று அவள் முகம் காட்டியது. ஆனால் கமிட்டி பிழையாகப் பார்த்திருந்தால்தான் அப்பீலுக்கு ஏதாவது இருக்கும். அவர்கள் நிரம்பியிருந்தது என்கிறார்கள். ஆகவே ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லும்படி கேட்டாள். அந்த வியாழக்கிழமை முற்றம் நிரம்பியிருந்ததா, இல்லையா?

அன்ரனெற் கேள்வியைத் தமிழில் சொன்னாள். கூடவே, அவை வழக்கமாக நிற்கிற கார்கள் இல்லை, வழக்கத்தில் முற்றம் வெறுமைதான் என்று சொன்னால் ஒரு வரியாவது எழுதிக்கொள்வார்கள் என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாள். அதற்குமேல் அவளால் செய்யக்கூடியது ஒன்றுமிருக்கவில்லை.

சீனித்தம்பி யோசித்தார். கவுன்ரரில் இரண்டு கையையும் ஊன்றி, அந்தப் பெண்ணை நேரே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் ஒரு மாதமாக வளைந்துபோயிருந்த முதுகு நிமிர்ந்திருந்தது.

"நிறைஞ்சுதான் இருந்திச்சு எண்டு சொல்லுங்க, தங்கச்சி," என்றார். "ஒரு இடம் மிச்சமில்ல. எங்கட சனம் புல்லிலயும் நிண்டிருக்காங்க."

அன்ரனெற் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள்.